மாட்டுக்குத் தாது உப்பு வைக்கிறோம். பால் கறக்கும் அம்மாவுக்கு?

கறவை மாடு கன்று போட்ட ஓரிரு நாளில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால் காரணம் நமக்குத் தெரியும். சீம்பாலோடு சேர்ந்து ரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்து இறங்கிப் போச்சு. பால் சுரம் என்று சொல்வோம். கால்நடை மருத்துவர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்றுவார். அநேகமாக மாடு அன்றைக்கே எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு தவிட்டோடு தாது உப்புக் கலவையைத் தவறாமல் கலந்து வைக்கிறோம்.

அதே வீட்டில், அந்த மாட்டைக் கறக்கிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. நாலு பிள்ளை பெற்றவர். கறந்த பால் முழுக்க சொசைட்டிக்குப் போகிறது. காப்பிக்கு எடுத்து வைப்பது ஒரு தம்ளர். அதையும் ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அவருக்கு என்ன கலவை வைக்கிறோம்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடுவது. இயற்கை உழவர் வீட்டில் விடையில் பெரும்பகுதி வேலியிலும் வரப்பிலுமே இருக்கிறது. ஆனால் எல்லாமே அங்கே இல்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்த்துவிடுவோம்.

மாடு விழுந்துவிடுகிறது, மனுஷி விழுவதில்லை

மாட்டுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாட்டின் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குவதால் அது உடனே படுத்துவிடுகிறது, நாமும் கவனித்துவிடுகிறோம். மனுஷ உடம்பு அப்படி இறங்க விடுவதில்லை. நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும். மிச்சம் ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசையிலும். அந்த ஒரு பங்கு இல்லையென்றால் இதயம் ஒழுங்காகத் துடிக்காது, தசை சுருங்காது. அதனால் சாப்பாட்டில் கால்சியம் வராத நாளில், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடுகின்றன.

வங்கிக் கணக்கில் சொல்வதென்றால், எலும்புதான் வைப்பு நிதி; ரத்தம் அன்றாடச் செலவுக் கணக்கு. அன்றாடக் கணக்கில் இருப்புக் குறைந்தால், நம்மைக் கேட்காமலே வைப்பு நிதியை உடைத்து நிரப்பிவிடுவார்கள். செலவுக் கணக்கு எப்பவும் சரியாகவே இருக்கும். ஆகவேதான் "ரத்தத்துல கால்சியம் நார்மல்னு வந்திருக்கே" என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. வைப்பு நிதி தீர்ந்துகொண்டிருப்பதை அந்தப் பரிசோதனை காட்டாது.

இந்த வைப்பு நிதி சுமார் முப்பது வயதுவரைதான் வளரும். பிறகு கொஞ்ச காலம் ஏறாமல் இறங்காமல் நிற்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் முதுகெலும்பு தன் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குவரை இழக்கலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சின்ன வயசிலேயே எடுத்துவிட்டவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும்.

இப்படி எலும்பு உள்ளுக்குள்ளே சல்லடையாகிப் போவதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். டாக்டர்கள் ஆஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். வலி இருக்காது. மணிக்கட்டோ, இடுப்போ, முதுகெலும்பில் ஒரு கணுவோ உடைந்த பிறகுதான் தெரியும்.

நம் பக்கத்து நிலவரம்

இது பணக்கார நாட்டு வியாதி, நகரத்து வியாதி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தாமலிலிருந்து பெங்களூரு சாலையில் மேற்கே போனால் வேலூர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் ஒரு சிறுநகர்ப் பகுதியில், ஐம்பது வயது தாண்டி நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. இவர்கள் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகள் அல்ல, வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இரண்டு வகைப் பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் தறிக்காரர். குழித்தறியில் கால் தொங்கப்போட்டு, காலையிலிருந்து மாலைவரை கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். அல்லது தார் சுற்றிக்கொண்டிருப்பவர். பட்டின் சாயம் வெளுக்கக் கூடாது என்று வெயிலை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. இன்னொருவர் வயலுக்குப் போகிறவர். அவருக்கு வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று உடம்பை மூடிக்கொண்டு, நாளெல்லாம் குனிந்தபடியே நடவும் களையெடுப்பும். இருவருக்கும் எலும்பு தேய்கிறது, காரணம்தான் வேறு வேறு.

தட்டில் என்ன விழுகிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் திருத்திய அளவுப்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கும், மாதவிடாய் நின்றவருக்கும் 1200 மில்லிகிராம்.

இப்போது நம் தட்டைப் பாருங்கள். தீட்டிய அரிசி 100 கிராமில் கால்சியம் 8 மில்லிகிராம்கூட இல்லை. மூன்று வேளையும் சோறும் இட்லியுமாக 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் கிடைப்பது 30 மில்லிகிராம். அதற்குமேல் ஒரு கரண்டி ரசம், ஒரு ஊறுகாய். கடைசியில் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் மிஞ்சும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையிலிருந்து நம் ஊரில் விளைவதை மட்டும் எடுத்துத் தருகிறேன். எல்லாம் சமைக்காத 100 கிராமுக்கு, மில்லிகிராமில், சுமாராக:

கேழ்வரகு – 364
கொள்ளு – 269
முருங்கைக்கீரை – 314
முளைக்கீரை வகை – 330
கறிவேப்பிலை – 659
அகத்திக்கீரை – 901
எள் – 1100-க்கு மேல்
பசும்பால் – 118

இதை வைத்து ஒரு நாள் கணக்குப் போடுவோம். கேழ்வரகு மாவு 75 கிராம், கூழாகவோ களியாகவோ அடையாகவோ: 273. பாலும் தயிரும் மோருமாகச் சேர்த்து 300 மில்லி: 354. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, 50 கிராம்: 157. எள்ளுப்பொடியாகவோ எள்ளுருண்டையாகவோ எள் 15 கிராம்: குறைந்தது 165. கொள்ளு 30 கிராம், சுண்டலோ துவையலோ: 80. கூட்டினால் 1029. பருப்பு, காய், கறிவேப்பிலையிலிருந்து இன்னும் நூறு கிடைக்கும். ஆக, நம் நிலத்தில் விளைகிற பொருளை வைத்தே தேவையை ஏறக்குறைய எட்டிவிடலாம்.

ஆனால் தட்டில் விழுவதெல்லாம் எலும்புக்குப் போவதில்லை. சாப்பிட்டதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அதிலும் தானியத்தில் உள்ள பைட்டேட், சில கீரைகளில் உள்ள ஆக்சலேட் இரண்டும் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பைட்டேட்டுக்கு நம் பாட்டிமார்களிடமே மருந்து இருக்கிறது: கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைப்பது, மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுவது. முளைகட்டும்போதும் புளிக்கும்போதும் பைட்டேட் குறைகிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை மற்ற பதினோரு மாதமும் வீட்டில் காய்ச்சினால் போதும். ஆக்சலேட்டுக்கு வழி, கீரையை மாற்றி மாற்றிச் சாப்பிடுவது. கடையில் விற்கும் பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம். கால்சியத்துக்காக அதை நம்ப வேண்டாம். முழு எள்ளின் தோலிலும் ஆக்சலேட் உண்டு. அதனால் எள்ளின் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

பாலிலும் மோரிலும் இந்தத் தடை கிடையாது. எங்கள் ஊர்த் தாமோதரப் பெருமாள் வெண்ணெய் திருடியதற்காக யசோதை கயிற்றால் கட்டிய கண்ணன். அந்த ஊரிலேயே பால் முழுக்க கேனில் போய்விடுகிறது! ஆனால் வெண்ணெயில் கால்சியம் இல்லை. கடைந்து எடுத்த மோரில்தான் இருக்கிறது. சொசைட்டிக்கு ஊற்றுமுன் பெண்ணுக்கு 300 மில்லி என்று தனியே அளந்து வைத்தால், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் வருமானம் குறையும். இடுப்பெலும்பு உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல. அதன் சாரம் புரதம். கம்பி கட்டி அதன்மேல் கான்கிரீட் போடுவது போல. எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவர் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு ஐம்பது கிராமை எட்ட முடியாது. பருப்பு, கொள்ளு, வேர்க்கடலை, தயிர் வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும், முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்திலி போன்ற சின்ன மீனும் இரண்டு வேலை செய்யும். உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும். ஊறுகாய், அப்பளம், கருவாடு அளவோடு இருக்கட்டும்.

பிரண்டையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்தியில் அதன் பெயரே எலும்பை ஒட்டுவது என்று பொருள்படும் ஹட்ஜோட். சித்த மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பழமையான மருந்து. நவீன ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளிலும், கொஞ்சம் மனிதர்களிடமும் நடந்திருக்கின்றன. நம்பிக்கை தருகின்றன, அவ்வளவுதான். நாரெடுத்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக வாரம் ஒருமுறை சாப்பிடலாம். ஆனால் எலும்புப்புரை என்று உறுதியான ஒருவர் பிரண்டையை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

வெயில் என்னும் இலவச உரம்

தழைச்சத்து எவ்வளவு போட்டாலும் ஈரம் இல்லாத மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளாது. அதேபோல வைட்டமின் டி இல்லாத உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்ளாது. இந்த வைட்டமின் சாப்பாட்டில் மிகக் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிரில் ஒரு பகுதி தோலில் பட்டுத்தான் உடம்பு இதைத் தயாரிக்க வேண்டும்.

"காலை இளவெயில் நல்லது" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நமக்கு வடக்கே, ஏறக்குறைய நம் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட வெயிலில்தான் இந்த உற்பத்தி அதிகம். ஒரு எளிய அடையாளம்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். நிழல் நீண்டு கிடக்கிற காலை ஆறரை மணி வெயில் மனசுக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் பயன்படாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

தறியில் இருக்கும் அக்காமார்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது இருபது, முப்பது நிமிஷம் கையும் முகமும் காலும் வெயிலில் படும்படி வாசலில் இருந்தால் போதும். வாரம் மூன்று நாலு முறை. கத்திரி வெயிலில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைக்குத் துண்டு போட்டுக்கொள்ளலாம். வயலுக்குப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் சட்டைக் கையை மடித்துவிட்டால் சரி.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவாக வந்தால் வெயில் மட்டும் உடனே ஈடுகட்டாது. டாக்டர் 60,000 யூனிட் மருந்து எழுதுவார். வாரம் ஒன்று என்று எழுதியதை, நல்லதுதானே என்று தினம் ஒன்றாகச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டுப்போகும். யூரியா கதைதான்.

சுமை தாங்கினால்தான் எலும்பு

விண்வெளியில் எடை இல்லை. அங்கே போகும் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை இழக்கிறார்கள். நல்ல சாப்பாடு, நல்ல மருத்துவம் எல்லாம் இருந்தும். எலும்புக்குச் சுமையும் அதிர்வும் தேவை. தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும்.

"நாங்க வயல்ல வேலை செய்யுறோமே, எங்களுக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை 1984-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. எலும்புப்புரை வந்த 59 பெண்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதுகை நிமிர்த்தும் பயிற்சியும், இன்னொரு குழுவுக்கு முன்பக்கம் குனியும் பயிற்சியும் கொடுத்தார்கள். நிமிர்ந்தவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான் முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது. குனிந்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு வந்தது. ஆக, உழைப்பு இருந்தால் மட்டும் போதாது. முதுகு எந்த நிலையில் உழைக்கிறது என்பது முக்கியம். நம் வயல் வேலையில் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குனிகிற வேலை.

இங்கேதான் நம் இயற்கை வேளாண்மைக்கு ஒரு கடமை இருக்கிறது. களைக்கொல்லி வேண்டாம் என்று நாம் சொல்லும்போது, அந்தக் களையை யாரோ ஒரு பெண் குனிந்து எடுக்கிறார். வரிசை நடவு செய்து, நின்றபடியே தள்ளும் கோனோவீடரை ஓட்டுவதும், நீளக் கைப்பிடி போட்ட களைக்கொத்தும் மண்ணுக்கு மட்டும் நல்லதல்ல. அவர் முதுகுக்கும் நல்லது. மூட்டையைத் தரையிலிருந்து வளைந்து தூக்காமல், திண்ணை உயரத்தில் வைத்து எடுக்கும்படி களத்தை அமையுங்கள்.

வீட்டில் செய்ய எளிய பயிற்சிகள், வாரம் நாலைந்து நாள்:

1. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, 10 முறை. தொடை, இடுப்புக்கு.
2. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 முறை.
3. சுவரில் கை ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது, 10 முறை. மணிக்கட்டுக்கும் தோளுக்கும்.
4. பாயில் குப்புறப் படுத்து, நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது, 5 முறை.
5. பக்கத்தில் சுவர் இருக்க, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது. விழாமல் இருக்க இதுவே முதல் பாடம்.
6. அரை மணி நேரம் வேகநடை.

தறியில் இருப்பவர்கள் மணிக்கொரு முறை குழியைவிட்டு எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வரட்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் நடந்த ஒரு சோதனை 2018-ல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, அரை மணி நேரம், கனமான எடை தூக்கியவர்களுக்கு எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. அறுபது வயதிலும் எலும்பு பதில் சொல்லும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாமாக மூட்டை தூக்கிப் பார்ப்பதற்காக அல்ல.

முதுகெலும்பு ஏற்கெனவே உடைந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்தபடி எழுந்து உட்காருவது, இடுப்பைத் திருகுவது மூன்றையும் தவிர்க்க வேண்டும். யோகா வகுப்பிலும் இதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள்.

உணவே மருந்து – எதுவரை?

நம் இயக்கத்தில் இந்தச் சொல்லை அடிக்கடி சொல்கிறோம். எலும்புப்புரை வராமல் தடுப்பதில் இது பெருமளவு உண்மை. வந்த பிறகு, அதுவும் ஒரு எலும்பு உடைந்த பிறகு, உணவு அஸ்திவாரம் மட்டுமே. அலென்ட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் அடுத்த முறிவின் வாய்ப்பைக் குறைக்கின்றன. இவற்றை ரசாயனம் என்று ஒதுக்குவது, முறிந்த கிளைக்குப் பஞ்சகவ்யம் தெளித்துவிட்டு முட்டுக்கொடுக்காமல் விடுவதற்குச் சமம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளிலும், பெயரில்லாத பொட்டலங்களில் வரும் பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். வலி மாயமாய் நிற்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பை அரித்துவிடும்.

டெக்ஸா என்ற ஸ்கேன் எலும்பு அடர்த்தியைக் காட்டும். டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. யாருக்கு இது அவசரம்? சின்ன விழுதலிலேயே மணிக்கட்டு உடைந்தவர், உயரம் குறைந்து கூன் விழுகிறவர், திடீரென முதுகில் கடும் வலி வந்தவர், நாற்பத்தைந்துக்கு முன்பே மாதவிடாய் நின்றவர், நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், தாய்க்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தவர், மிகவும் ஒல்லியானவர், புகையிலை போடுகிறவர். 'வயசானா கூன் விழத்தான் செய்யும்' என்று விட்டுவிடாதீர்கள்.

எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், விழாவிட்டால் இடுப்பு உடைவது அரிது. ஆகவே வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். குளிக்கும் இடத்துப் பாசி, ராத்திரி கொல்லைக்குப் போகும் வழியில் விளக்கு, நடைபாதையில் கிடக்கும் ஆட்டுக்கயிறு, தேய்ந்த ரப்பர் செருப்பு, ஆபரேஷன் செய்யாமல் தள்ளிப்போட்ட கண்புரை.

இந்தப் பட்டத்தில் செய்ய வேண்டியது

ஏக்கருக்கு 800 கிலோ என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், 10 சென்ட் கேழ்வரகு 80 கிலோ கொடுக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 கிராம் என்றால் ஆண்டுக்கு 27 கிலோ. ஆக, பத்து சென்ட்டில் வீட்டிலுள்ள மூன்று பெண்களுக்கு ஆண்டு முழுக்க வந்துவிடும். வேலியில் இரண்டு முருங்கை, ஒரு அகத்தி, கிணற்றடியில் கறிவேப்பிலை, மூலையில் பிரண்டை, வரப்போரம் கொஞ்சம் எள். துவாதசியன்று மட்டும் தேடுகிற அகத்தி, மற்ற நாளில் ஆட்டுக்கு மட்டும் போக வேண்டாம்.

நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். தறிக்கார வீடுகளுக்கு நிலம் இல்லை, வேலியும் இல்லை. நாம் விளைவித்த கேழ்வரகை அரசு கொள்முதல் செய்து காஞ்சிபுரம் ரேஷன் கடைகளிலும் தர வேண்டும் என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது. அடுத்த மாவட்டக் கூட்டத் தீர்மானங்களில் இதையும் ஒன்றாகச் சேர்ப்போம். அதுவரை, நாளைக் காலை பால் கறந்ததும் கேனில் ஊற்றுமுன், அம்மாவின் தம்ளரை முதலில் நிரப்புங்கள்.